தகரத்தில் நுழைந்த வாதாங்கிளை

ஜனவரி 20, திங்கள்

புது நாட்குறிப்பு இருபது நாளாகச் சும்மா கிடந்தது. இன்று எழுத விஷயம் கிடைத்திருக்கிறது. விஷயம் என்ன, கோபம்தான்.

மதியம் தலைமையாசிரியை ஜெயசீலி மேடம் அறையில் கூட்டம். எங்கள் பள்ளியில் படித்து இப்போது மஸ்கட்டில் இருக்கும் ஒருவர், பிள்ளைகள் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிடத் தகரக் கூரை போட்டுத் தருகிறாராம். நாற்பதடி நீளம், இருபத்து நாலடி அகலம். நல்ல காரியம், யார் வேண்டாம் என்றது? ஆனால் கான்ட்ராக்டர் சவரிமுத்து விரித்த காகிதத்தில் ஒரு செவ்வகம் இருந்தது, செவ்வகத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன?" என்றேன்.

"அது வாதாமரம், டீச்சரம்மா. எடுத்துருவோம்ல" என்றார், காலில் தைத்த முள்ளை எடுப்பது போல.

பத்தாம் வகுப்பில் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் எனக்கு. வகுப்பறையில் கேள்வி கேட்டால் போலீஸ்காரரைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பார்கள். மாலை நாலேகாலுக்கு அதே பிள்ளைகளை அந்த மரத்தடியில் உட்கார வைத்தால் போட்டி போட்டுக்கொண்டு விடை சொல்வார்கள். ஏன் என்று எந்தக் கல்விப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போன வருடம் மரத்தடியில் படித்த பத்தொன்பது பேரில் பதினேழு பேர் தேறினார்கள். மரம் போனால் அந்த வகுப்பும் போகும்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பொன்னழகி வெட்டும் பக்கம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. "சோத்துத் தட்டுல கம்பளிப்பூச்சி விழுது டீச்சர். போன வருசம் எம்புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சு மூணு நாள் தூக்கமில்ல" என்றார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளையை எனக்கும் தெரியும்.

மரத்தைச் சுற்றி இடைவெளி விட்டுக் கூரை போடலாமே என்றேன். எப்படி என்று வரைந்து காட்டச் சொன்னார்கள். காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஜெயசீலி மேடம் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாட்டு வண்டியா தில்லை?" என்றார்.

தில்லைநாயகி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பெயருக்காவது கொஞ்சம் அடக்கம் வேண்டாமா? உடனே சவடாலாகச் சொல்லிவிட்டேன்: "கம்ப்யூட்டர்ல முப்பரிமாணத்துல வரைஞ்சு கொண்டாரேன். நாலா பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்." 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அதற்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரம் வெட்ட அனுமதி கேட்கும் மனுவில் கையெழுத்து. மனு தட்டச்சாகித் தயாராக இருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியர் அடைக்கலம் சார் மட்டும் மாட்டு வண்டிக்குச் சிரிக்கவில்லை. "அளவு நான் எடுத்துத் தரேன் டீச்சர்" என்றார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒரு தகவலுக்காக.

ஜனவரி 21, செவ்வாய்

கொரோனா விடுமுறையில் மற்றவர்கள் கேக் செய்யக் கற்றார்கள், நான் பைத்தான் என்ற கணினி மொழி கற்றேன். கூம்பு, உருளை, கோளம் எல்லாம் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். கூரை என்ன பிரமாதம்? நாலு முனை சேர்ந்த ஒரு பலகோணம். முனைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் கணினி வரைந்துவிடும்.

வரைந்தது. ஒரு வெற்றுப் பெட்டி.

பிழைச் செய்தி எதுவும் இல்லை. பிழை என்று சொன்னாலாவது சண்டை போடலாம். கணினி அறையில் இரண்டு பீரியடு உட்கார்ந்து, நிரலை மூன்று தடவை அழித்து எழுதினேன். கடைசியில் பார்த்தால், கோடு வரைந்தால் அச்சுகளின் எல்லை தானாக விரிகிறது, பலகோணத்தைச் சேர்த்தால் விரிவதில்லை. என் கூரை பத்தடி உயரத்தில் இருக்கிறது. படமோ ஓரடிப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்கிறது. எல்லையை நானே எழுதிக் கொடுத்ததும் கூரை வந்து நின்றது.

சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன். அம்மா திட்டினாள்.

ஜனவரி 22, புதன்

திருப்புதல் தேர்வு விடைத்தாள் நாற்பத்தொன்று. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

அடைக்கலம் சார் அளவு கொடுத்தார். வெள்ளைத்தாளில் அழகான கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கூரையின் நாலு மூலைகள், ஒவ்வொன்றுக்கும் கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி. அப்படியே நிரலில் போட்டேன்.

திரையில் வந்தது கூரை இல்லை. நடுவில் முறுக்கிய இரண்டு முக்கோணம், மிட்டாய்த் தாளின் இரண்டு நுனி மாதிரி. முந்தாநாள் ஒழுங்காக இருந்ததே! மதியம் முழுக்க நிரலைத் திட்டினேன். எல்லையை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். மிட்டாய்த்தாள் மிட்டாய்த்தாளாகவே இருந்தது.

நாலரைக்கு அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க மூலைகளை எப்படி எண்ணுனீங்க?"

"எப்பவும் எண்ணுற மாதிரித்தான். மொத மூலையில முளைக்குச்சி. அப்புறம் அதுக்கு எதிர்மூலை. அப்புறம் மத்த ரெண்டு."

"ஏன், சுத்தி வர மாட்டீங்களா?"

"சுத்தி வந்தா கோர்ட்டு கோணிக்கும் டீச்சர். மூலைக்கு மூலை கயிறு புடிச்சு, ரெண்டு கயிறும் ஒரே நீளமான்னு பாக்கணும். பதினாலு வருசமா அப்படித்தான் கபடிக் கோர்ட்டு போடுறேன்."

சரிதான். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் சமமென்றால் அது செவ்வகம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன், அவர் மண்ணில் நடத்துகிறார். ஆனால் கணினி முனைகளைக் கொடுத்த வரிசையிலேயே இணைக்கும். ஒன்றிலிருந்து எதிர்மூலைக்குப் போய் அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனால் மிட்டாய்த்தாள்தான் வரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன். விரிந்தது கூரை.

"அட!" என்றார். அவர் ஆச்சரியப்பட்டால் சிறு பிள்ளை மாதிரி இருக்கும். இதுவும் தகவல்தான்.

ஜனவரி 24, வெள்ளி

மரத்தின் அளவு. கிளைகளின் உயரம் தெரியாமல் கூரை அவற்றைத் தொடுமா தொடாதா என்று சொல்ல முடியாது. அடைக்கலம் சார் நாடாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார், நான் கீழே நின்று எழுதினேன். அடிமரம் வடக்கு ஓரத்திலிருந்து ஐந்தடி உள்ளே. முக்கியமான தாழ்ந்த கிளை பதினொன்றரை அடியில் கிளம்பித் தெற்கே கூரைப் பக்கம் நீள்கிறது. நாலடி நீண்டால் ஓரடி உயர்கிறது.

இறங்கும்போது அவர் சட்டை தோளில் கிழிந்தது. என் பையில் ஊசி நூல் எப்போதும் இருக்கும், யார் கேட்டாலும் தைத்துக் கொடுப்பேன். அவர் கேட்கவில்லை, அது வேறு.

பலகோணத்துக்குள் ஓட்டை போட வழியே இல்லை என்பது இன்றைய கண்டுபிடிப்பு. ஆகவே மரத்தைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி இடம் விட்டு, கூரையை நாலு துண்டாக வரைந்திருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, எல்லோரும் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். படத்தில் மரம் கூரையைவிட உயரமாக, பனை மாதிரி நீண்டுகொண்டிருந்தது. நாற்பதடி நீளத்தையும் பதினைந்தடி உயரத்தையும் படம் ஒரே அளவுக்கு இழுத்துக் காட்டியிருக்கிறது. மூன்று பக்கத்துக்கும் விகிதம் எழுதிக் கொடுத்ததும் மரம் அடங்கி வாதாமரமானது. ஒரே ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஜனவரி 29, புதன்

"பத்து இட்லி எதுக்குடி? நீ நாலுதானே திம்ப?" என்றாள் அம்மா. கணினி வேலைக்குப் பசி அதிகம் என்றேன். இது உண்மை.

ஜனவரி 31, வெள்ளி

தோற்றேன்.

ஹைடெக் லேப் திரையில் படம். குழுவில் பன்னிரண்டு பேர். நான் அயர்ன் செய்த நீலச் சேலையில். நேற்று மேலிருந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததால் தைரியமாகத் திருப்பினேன். பக்கவாட்டில் திரும்பியதும் மரம் முழுக்கக் கூரைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தகரத்துக்குக் கீழே இருக்க வேண்டிய அடிமரமும் தகரத்தின் மேல் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மரம் மொத்தமும் கூரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, தகரத்துக்கு மேலே இருக்கும் கிளைகள் உட்பட.

"டீச்சர், கெளை எல்லாம் தகரத்தக் கிழிச்சிக்கிட்டுப் போவுதே" என்றார் பொன்னழகி.

"அது அப்படி இல்லை. படம் வரைவதில்தான் தப்பு, இடத்தில் தப்பில்லை" என்றேன். தமிழ் ஐயா மாதிரி இலக்கணமாகப் பேச வந்துவிட்டது. பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"படத்துலயே சரியா வரலன்னா தரையில எப்படிங்க வரும்?" என்றார் சவரிமுத்து.

மனுவை முன்னால் இழுத்து, மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து அடைக்கலம் சார் எழுந்தார். "மேடம், நாக் அவுட் மேட்ச்ல கூட ஒரு டைம் அவுட் உண்டு. டீச்சருக்கு ஒரு வாரம் குடுங்க." யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பேனா மூடியது.

பிப்ரவரி 7. அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்து சேலையை மடிக்காமல் நாற்காலியில் போட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அம்மா ஒன்றும் கேட்காமல் காபி போட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது.

இந்தக் கணினிக்கு உண்மையில் முன் எது, பின் எது என்று தெரியாது. தூரத்தில் இருப்பதை முதலில் பூசும், பக்கத்தில் இருப்பதை அதன்மேல் பூசும், அவ்வளவுதான் அதன் வித்தை. நான் மரத்தை ஒரு கட்டாகவும் கூரையை இன்னொரு கட்டாகவும் கொடுத்தேன். கட்டுக்கு ஒரே ஒரு தூரம்தான். ஆகவே ஒன்று மரம் மொத்தமும் முன்னால், இல்லாவிட்டால் மொத்தமும் பின்னால். பாதி மரம் கூரைக்குக் கீழே, பாதி மேலே என்ற நிலைமை அதற்குப் புரியவே புரியாது.

சரி, இரண்டையும் ஒரே கட்டில் போட்டால்? அப்போது துண்டு துண்டாக வரிசைப்படுத்தும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் சராசரி தூரத்தைத்தான் பார்க்கும். நாற்பதடித் தகரத்துக்கு ஒரு சராசரி, ஒன்றரையடிக் கிளைக்கு ஒரு சராசரி. வகுப்புச் சராசரியைப் பார்த்து ஒரு பிள்ளையின் மார்க்கைச் சொல்வது மாதிரி. எங்கள் அலுவலகத்தில் கூடச் சில பேர் அப்படிச் செய்கிறார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

ஆகவே வெட்ட வேண்டியது மரத்தை இல்லை, கூரையை! ஓரடிக்கு ஓரடி சதுரமாக. நாற்பது பெருக்கல் இருபத்து நாலு, தொள்ளாயிரத்து அறுபது. மரத்துக்கான ஓட்டை முப்பத்தாறு போக, தொள்ளாயிரத்து இருபத்து நாலு துண்டு. மரத்தையும் அரையடித் துண்டுகளாக நறுக்கி, எல்லாவற்றையும் ஒரே கட்டில் போட வேண்டும். ஓட்டைக்குத் தனி வித்தையும் தேவையில்லை, அந்த முப்பத்தாறைப் போடாமல் விட்டால் போதும்.

துணி வாளியிலேயே ஊறட்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

சரியாக வந்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அடிமரம் கீழே, கிளைகள் மேலே, நடுவில் தகரம். படம் சுற்ற நேரம் எடுக்கிறது, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஆனால் பொய் சொல்வதில்லை. கணினி அறையில் தனியாகக் கைதட்டினேன்.

அப்புறம் தெற்குப் பக்கம் திருப்பினேன். ஒரே ஒரு கிளை, அந்தத் தாழ்ந்த கிளை, தகரத்துக்கு அடியில் கிளம்பி, தகரத்துக்குள் நுழைந்து, மேலே வந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒரு பிழை பாக்கி போலிருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிழை இல்லை.

துண்டுகளைக் கால் அடியாக்கினேன், கிளை நுழைகிறது. வரிசைப்படுத்தும் முறையை மாற்றினேன், நுழைகிறது. கடைசியில் கணினியை மூடிவிட்டுப் பேனாவால் போட்டேன். சவரிமுத்துவின் திட்டப்படி மைதானப் பக்கம், அதாவது மரம் நிற்கும் வடக்குப் பக்கம், கூரை பதினாலடி உயரம். கட்டடப் பக்கம் பத்தடி. மழைத்தண்ணீர் கட்டடத்தின் சாக்கடைக்குப் போக வேண்டும் என்பதற்காக அப்படி. மரத்தருகில் கூரை பதின்மூன்றடிக்கு மேல், கிளை பதினொன்றரை. கூரை தெற்கே போகப் போக இறங்குகிறது, கிளை ஏறுகிறது. மரத்திலிருந்து நாலடி தள்ளி இரண்டும் முட்டுகின்றன. ஆறாம் வகுப்புக் கணக்கு. இதைப் பேனாவால் முதல் நாளே போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் நான் முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருந்தேன்!

பொன்னழகி சொன்னது அன்றைய படத்தில் தவறு, தரையில் சரி.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வடமேற்கிலிருந்து ஒரு கோணம் கிடைத்தது. அந்தக் கோணத்தில் அடிமரம் கிளையை மறைத்துக்கொள்கிறது, ஒன்றுமே தெரியாது. மரம் நிம்மதியாக நிற்கிறது, கூரை அழகாக இருக்கிறது. அந்த ஒரு கோணத்தை மட்டும் படமாகச் சேமித்து, "இறுதி" என்று பெயர் வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

மாலையில் அடைக்கலம் சாரிடம் "இறுதி"யைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க."

"இது திருப்ப முடியாத படம் சார். பிடித்து வைத்த படம்."

"திருப்புற படம் எங்க?"

அவர் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுட்டது. திறந்து தெற்கே திருப்பினேன். கிளை தகரத்தைத் துளைத்தது. வெளியே எங்கள் பெண்கள் அணி கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கெளைய மட்டும் வெட்டுனா?"

"அதுதான் சார் பாதி மரம். அதை வெட்டினால் மறுபக்கம் சாய்ந்துவிடும் என்று நீங்களே அன்றைக்கு மேலேயிருந்து சொன்னீர்கள்."

தாடையைத் தடவினார். பிறகு மேசையிலிருந்த என் கணக்கு நோட்டை எடுத்து, திரையில் இருந்த மரத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். மரப்பக்கம் உயரமாக வைத்தார். பிறகு மெதுவாக நோட்டைத் திருப்பி மரப்பக்கம் தாழ்த்தினார்.

"இப்புடி வச்சா டீச்சர்?"

இரண்டு எண்களை இடம் மாற்றி ஓட்டினேன். மரப்பக்கம் பத்தடி, கட்டடப் பக்கம் பதினாலு. அடிமரம் ஓட்டை வழியே மேலே வந்தது, கிளை தகரத்துக்கு மேலேயே கிளம்பிக் கடைசிவரை போனது. மிக நெருங்கும் இடத்திலும் கிட்டத்தட்ட ஓரடி இடைவெளி. கூரையும் ஏறுகிறது, கிளை அதைவிட வேகமாக ஏறுகிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

எழுந்ததும்தான் உறைத்தது. கூரை அந்தப் பக்கம் சாய்ந்தால் மழைத்தண்ணீர் மொத்தமும் வடக்கே விழும். வடக்கே இருப்பது அவருடைய கபடிக் களம். இரண்டு வருடம் செம்மண் கொண்டுவந்து கொட்டி, சல்லடையில் சலித்து, தானே தண்ணீர் தெளித்துப் போட்ட களம். அதில் ஆடித்தான் எங்கள் பெண்கள் மாவட்டம் வரை போனார்கள்.

"சார், உங்கள் கோர்ட்டு."

"மாத்திக்கலாம்."

"எங்கே மாற்றுவது?"

"கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் எடம் கெடக்குல்ல. மண்ண அள்ளிட்டுப் போவ வேண்டியதுதான்."

காபி டம்ளரை நகர்த்தி வைப்பது போலச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்லலாமா? இரண்டு வருடம்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபமாகவே இருந்தது. கோபம்தான், வேறொன்றும் இல்லை.

"இறுதி"யை அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குழுக் கூட்டத்தில் பேச எழுந்ததும் முதலில் பொன்னழகியைப் பார்த்துச் சொன்னேன்: "போன வாரம் நீங்க சொன்னது சரி. அந்தக் கிளை தகரத்தைக் கிழிக்கத்தான் செய்யும். படத்துல பிழைன்னு நான் சொன்னது பாதிதான் உண்மை." பழைய சாய்வைப் போட்டுக் காட்டினேன், கிளை முட்டியது. குழுவில் ஒரு சலசலப்பு. தன் கட்சிக்கு எதிராகத் தானே சாட்சி சொல்பவளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலும். பிறகு புதுச் சாய்வு. படம் இழுத்து இழுத்துச் சுற்றியது.

"நான் திருப்பிப் பாக்கலாமா?" என்றார் பொன்னழகி. மவுஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்வையைக் கீழே கொண்டுபோனார், பிள்ளைகள் உட்காரும் தரையிலிருந்து மேலே பார்க்கிற மாதிரி. எனக்கு அந்தக் கோணத்தில் பார்க்கத் தோன்றவே இல்லை. திரை முழுக்கத் தகரம். ஓட்டை வழியே அடிமரம் மட்டும் மேலே போகிறது. ஓர் இலை தெரியவில்லை.

"கெளை பூரா தகரத்துக்கு மேலயா?"

"ஆமா."

"அப்ப பூச்சி தகரத்துல தானே விழும்? தட்டுல எப்படி விழும்?"

மூன்று வாரமாகக் கிளையையும் சாய்வையும் தூரத்தையும் பார்த்தவள், பூச்சியை ஒரு தடவை கூட யோசிக்கவில்லை.

"அந்த ஓட்டைக்கு நேர் கீழ மட்டும் புள்ளைகள உக்கார விடாதீங்க. ஒரு மேடை கட்டி உட்டுருங்க. எனக்குச் சம்மதம்" என்றார்.

சவரிமுத்து மட்டும் தலையைச் சொறிந்தார். "ஓட்டைய சுத்தித் தண்ணி ஒழுகாம மடக்கணும், ஷீட்ட அளவு பாத்து வெட்டணும். மெனக்கேடு டீச்சரம்மா." பிறகு திரைக்குப் பக்கத்தில் போய்ச் சதுரங்களை விரலால் எண்ண ஆரம்பித்தார். எண்ண ஆரம்பித்துவிட்டால் கட்டத் தயார் என்று அர்த்தம். "தண்ணி கோர்ட்டுல ஊத்துமே?" என்று அவர் கேட்டபோது, "கோர்ட்டு அங்க இருக்காது" என்றார் அடைக்கலம் சார் பின்வரிசையிலிருந்து.

மேடம் அங்கிருந்தே படத்தை மஸ்கட்டுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் குரல் செய்தி: "நான் படிக்கிறப்ப அங்க மரமே கெடையாதே மேடம். சரி, இருந்துட்டுப் போவட்டும், நல்லாத்தான் இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். மனுவை மேடம் இரண்டாக மடித்துக் கிழித்தார். மரம் நிற்கிறது!

பிப்ரவரி 8, சனி

வாளித் துணியை மறுபடி துவைத்தேன். நாறிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. அம்மாவோடு கோவிலுக்குப் போய்வந்தேன். பள்ளிப் பக்கமாகச் சுற்றி வந்தோம், அந்த வழியில் வெயில் குறைவு. மைதானத்தில் அடைக்கலம் சார் தனியாக மண் அள்ளிக்கொண்டிருந்தார். "யாருடி அது?" என்றாள் அம்மா. "பி.டி. சார்" என்றேன். "ஓகோ" என்றாள். அந்த ஓகோ எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தூணுக்குக் குழி தோண்டுகிறார்கள். எட்டுக் குழி. சவரிமுத்து படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை அதட்டுகிறார், தானே வரைந்த மாதிரி. கிடக்கட்டும்.

என் இருபத்திரண்டு பேரும் வழக்கம்போல மரத்தடியில். இருபடிச் சமன்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு, கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். செம்மண் ஏறக்குறைய முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. அடைக்கலம் சார் சுண்ணாம்பு வாளியோடு நின்றார். முதுகு நனைந்திருந்தது. அந்தத் தோள் தையல் என்னுடையது, இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து போனேன். என்ன சொல்வது என்று யோசிக்காமல் போனது தப்பு.

"ஒண்டியாவா சார் இவ்வளவு மண்ணும் அள்ளுனீங்க?"

"புள்ளைங்களுக்குப் பரீட்சை வருதுல்ல."

"மரத்துக்காக நீங்க இவ்வளவு செஞ்சிருக்க வேண்டாம்" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மரத்துக்காகச் செய்யல டீச்சர்."

மரத்தடியில் இருபத்திரண்டு பேரும் சமன்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ.

"தெரியும்" என்றேன். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. அம்மா இருப்பாங்க."

மூன்று வாரமாக இந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு இது ஒன்றை மட்டும் எழுதாமல் இருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது.